பட்டறைப் பதில்கள்: எவர்சில்வர் தட்டும் செங்டு விமானமும்

போன மாதம் இந்தப் பகுதியில், கடலோர வீடுகளில் அலுமினிய ஜன்னல் ஏன் வெள்ளை பூக்கிறது என்று எழுதியிருந்தேன். போகிற போக்கில், "21 வருஷம் ஆகாயப் படையில் விமானத் தகடு வேலை பார்த்தவன்" என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன். அதுதான் வினை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜன்னலைத் தொடவே இல்லை. எல்லாம் சீனாவின் புது ஸ்டெல்த் விமானம், அதாவது ரேடாருக்குச் சுலபமாகச் சிக்காத ரகம்.

சரி, ஜன்னல் காத்திருக்கட்டும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விமானியும் இல்லை, தளபதியும் இல்லை. பட்டர்வொர்த் ஆகாயப் படைத் தளத்தில் எஃப்-5, ஹார்னட் போர் விமானங்களின் தோலைத் தட்டி, ஒட்டி, திருகு மாற்றி, சாயம் அடித்த சார்ஜன். இப்போது மாக் மண்டினில் ஒரு ஜன்னல் பட்டறை. அந்தக் கண்ணுக்குத் தெரிகிறதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஐயா, சீனாவின் புது விமானம் எந்த ரேடாரிலும் தெரியவே தெரியாது என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு காணொளி சுற்றுகிறது. உண்மையா?
*வாசகர், சுங்கை பட்டாணி*

தெரியும். ஆனால் தாமதமாகத் தெரியும். அந்தத் தாமதத்துக்குத்தான் இவ்வளவு பணமும் கொட்டுகிறார்கள்.

என் பேத்தியும் இதையேதான் கேட்டாள். ராத்திரி எட்டு மணிக்குக் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, எவர்சில்வர் தட்டு ஒன்றை மேசையில் படுக்க வைத்தேன். வாசலில் நின்று டார்ச் அடிக்கச் சொன்னேன். தட்டு கறுப்பாகக் கிடந்தது. வெளிச்சம் அதில் பட்டுச் சறுக்கி எதிர்ச் சுவரில் போய் விழுந்திருந்தது. "தட்டு எங்கே தாத்தா?" என்றாள். அப்புறம் தட்டை நிமிர்த்தி அவளைப் பார்க்க வைத்தேன். பளீரென்று கண் கூசியது. மூன்றாவதாக, இன்னொரு தட்டை எடுத்து முதல் தட்டோடு புத்தகம் விரித்த மாதிரி, மூலைமட்டம் வைத்தாற்போல் நிறுத்தினேன். இப்போது அவள் இடது பக்கம் போனாலும் வலது பக்கம் போனாலும் வெளிச்சம் அவளிடமே திரும்பி வந்தது.

ஸ்டெல்த் என்பதில் பெரும்பங்கு இதுதான். டார்ச்சுக்குப் பதில் ரேடார் அலை. அடித்தவனிடமே அலை திரும்பிப் போனால் மாட்டிக்கொண்டோம். வேறு பக்கம் சிதறினால் பிழைத்தோம். பழைய போர் விமானத்தில் நேராக நிற்கும் வாலும் படுத்திருக்கும் இறக்கையும் சேர்ந்து அந்த மூலைமட்டத்தை உண்டாக்கும். அதனால்தான் அமெரிக்காவின் எஃப்-22, சீனாவின் ஜே-20 இரண்டிலும் வால் சாய்ந்தே இருக்கிறது. வெடிகுண்டும் ஏவுகணையும் வெளியே தொங்காமல் வயிற்றுக்குள் போய்விட்டன. அலையை உறிஞ்சும் பூச்சு இதற்கெல்லாம் அப்புறம்தான். வடிவம் சோறு, பூச்சு ரசம்.

இனி கணக்கு. திரும்பிப் போகும் எதிரொலியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாலும், ரேடார் நம்மைக் கண்டுபிடிக்கும் தூரம் பாதியாகத்தான் குறையும். தூரம் பத்தில் ஒன்றாக வேண்டுமென்றால் எதிரொலி பத்தாயிரத்தில் ஒரு பங்காக வேண்டும். உதாரணத்துக்கு, பட்டர்வொர்த்தில் உள்ள ஒரு ரேடார் சாதாரண விமானத்தை ஏறக்குறைய 300 கிலோமீட்டரில், அதாவது அது கோலாலம்பூர் பக்கம் வரும்போதே பார்த்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு எதிரொலி தரும் விமானம் 30 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படும். அது உங்கள் சுங்கை பட்டாணி. சைரன் ஊதி, விமானியை எழுப்பி, இஞ்சின் கிளப்பி மேலே போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதிலும் ஓட்டை உண்டு. ஏவுகணையைக் குறிபார்த்து அனுப்பும் ரேடாரின் அலை சில சென்டிமீட்டர்தான் இருக்கும். ஸ்டெல்த் விமானங்களை முக்கியமாக அதற்கு எதிராகத்தான் செதுக்குகிறார்கள். பழைய காலத்து ரேடார்களில் அலையே இரண்டு மீட்டர் நீளம் வரும். வாலும் இறக்கை நுனியும் கிட்டத்தட்ட அதே அளவில் இருப்பதால் அந்தச் செதுக்கல் அங்கே அவ்வளவாக எடுபடாது. "வடக்கே எதுவோ வருகிறது" என்கிற அளவுக்குத் தெரிந்துவிடும். துல்லியமாகத் தெரியாது.

'ஸ்டெல்த்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது? 'புலப்படா விமானம்' சரியா?
*ஓய்வுபெற்ற தமிழாசிரியை, நிபோங் திபால்*

மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டீர்கள் என்றால் 'புலப்படா' பொய் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள், டீச்சர். மறைப்பு என்ற பொருளில் 'கரவு' என்று பழைய சொல் ஒன்று இருக்கிறதே, 'கரவு விமானம்' எனக்குப் பிடித்திருக்கிறது. பட்டறையில் சொன்னால் பையன்கள் கறவை மாடு என்று நினைத்துக்கொள்வார்கள், அது ஒன்றுதான் குறை.

ஒரே நாளில் இரண்டு புதிய விமானங்களைச் சீனா பறக்கவிட்டதே, அதில் ஒன்றுக்கு வாலே இல்லையாமே? வால் இல்லாமல் எப்படிப் பறக்கும்?
*கல்லூரி மாணவர், ஈப்போ*

2024 டிசம்பர் 26. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுனாமி வந்து சரியாக 20 வருஷம். பினாங்கில் மட்டும் ஐம்பது பேருக்கு மேல் போன நாள் அது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு நானும் வீட்டுக்காரியும் தெலுக் பஹாங்கில் அவள் அக்கா வீட்டுக்குப் போய், கடற்கரையில் பூப் போட்டுவிட்டு வருவோம். கரையில் உட்கார்ந்திருக்கும்போது பழைய படை நண்பர்களின் புலனக் குழு 'டிங், டிங்' என்று நிற்காமல் அடித்தது. எடுத்துப் பார்த்தால் மங்கலான ஒரு படம். மேகத்துக்குக் கீழே, வெட்டிய பட்டம் மாதிரி ஒன்று. "இது கணினியில் செய்த படம்" என்றுதான் முதலில் நானே எழுதினேன். அரை மணி நேரத்தில் வெவ்வேறு கோணத்தில் இன்னும் பத்துப் படம். பக்கத்திலேயே ஜே-20இன் இரட்டை இருக்கை ரகம் துணைக்குப் பறந்துகொண்டிருந்தது. எழுதினதை அழித்துவிட்டேன்.

பெரியது சீனாவின் செங்டு நகரத்தில் பறந்தது. வெளியுலகம் அதை ஜே-36 என்று அழைக்கிறது. அரசாங்கம் வைத்த பெயர் இல்லை. சின்னது ஷென்யாங் நிறுவனத்துடையது. இரண்டுக்குமே நிமிர்ந்த வால் கிடையாது. அன்றைக்கு மாவோவின் பிறந்த நாள் என்பதையும் சீனர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வால் ஏன் என்றால், விமானம் மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டாமல் நேராகப் போவதற்கு. பட்டத்துக்கு வால் கட்டுகிறோமே, அந்த மாதிரி. வால் இல்லாத பட்டம் குட்டிக்கரணம் அடிக்கும். இங்கே இறக்கை நுனியில் உள்ள மடல்கள் வாய் பிளந்தாற்போல் மேலும் கீழுமாகத் திறக்கின்றன. வலது பக்கம் திறந்தால் வலது இறக்கையைக் காற்று இழுத்துப் பிடிக்கும், மூக்கு வலப்பக்கம் திரும்பும். இதைக் கணினி ஒரு வினாடிக்குள் எத்தனையோ தடவை செய்துகொண்டே இருக்க வேண்டும். மனிதக் கையால் ஆகாது. வாலை எடுத்ததால் என்ன லாபம்? நான் சொன்ன அந்த இரண்டு மீட்டர் அலை ரேடாருக்கும் பிடிமானம் குறைகிறது.

செங்டு விமானத்தில் இன்னொரு விசித்திரம், மூன்று இஞ்சின். இரண்டுக்குக் காற்று கீழிருந்து, நடு இஞ்சினுக்குக் காற்று முதுகின் மேலிருந்து. போர் விமானத்தில் இப்படி நான் பார்த்ததே இல்லை. ஏன் மூன்று? உடல் பெரிது, எரிபொருள் நிறைய, உள்ளே இருக்கும் கருவிகளுக்கு மின்சாரமும் நிறைய வேண்டும். இரண்டு இஞ்சின் போதவில்லை. இது என் கணிப்பு, செங்டுக்காரர்கள் என்னைக் கேட்டுச் செய்யவில்லை.

எல்லாம் அமெரிக்காவிடம் திருடியதுதானே? இதில் என்ன பெருமை?
*வாசகர், கிள்ளான்*

திருட்டு நடந்திருக்கிறது. மறுக்க முடியாது. கனடாவில் தொழில் செய்துகொண்டிருந்த சூ பின் என்ற சீன வியாபாரி, அமெரிக்க நிறுவனங்களின் கணினிகளில் புகுந்து ராணுவ விமானங்களின் தகவல்களை எடுத்த கூட்டுச் சதியில் பங்கு உண்டு என்று 2016இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 46 மாதச் சிறை. அதற்கு முன்னால், 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானம் பழைய சோவியத் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதை வீழ்த்திய படைப்பிரிவு பயன்படுத்தியதும் நான் மேலே சொன்ன இரண்டு மீட்டர் அலை ரேடார்தான். உடைந்த துண்டுகளைக் கிராமத்து விவசாயிகளிடம் சீன ஆட்கள் வாங்கிப் போனார்கள் என்று பின்னாளில் குரோவேஷிய ராணுவ அதிகாரி ஒருவர் சொன்னார். மிச்சத் துண்டுகள் பெல்கிரேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அது சரி, அமெரிக்காவுக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது? உஃபிம்த்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர், ஒரு பொருளின் விளிம்புகளில் மின்காந்த அலை பட்டால் எப்படிச் சிதறும் என்று கணக்குப் போட்டு 1962இல் மாஸ்கோவில் வெளியிட்டார். ராணுவத்துக்கு உதவாத கணக்கு என்று விட்டுவிட்டார்கள் போல. அமெரிக்க விமானப்படை அதை 1971இல் மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்துப் பொறியாளர் ஓவர்ஹோல்சர் அதைப் பிடித்துக்கொண்டார். 1977இல் முதல் சோதனை விமானம் பறந்தது. அச்சிட்டு வெளியிட்டதைப் படித்தது திருட்டு ஆகாதுதான். ஆனால் விதை யாருடையது, விளைச்சல் யாருடையது என்று பாருங்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. பட்டறை ஆரம்பித்த புதிதில், இன்னொரு பட்டறைக்காரர் செய்த நகரும் ஜன்னல் சட்டம் ஒன்று என் கையில் கிடைத்தது. அழகான வேலை. அளவெடுத்து, அப்படியே அதே மாதிரி இருபது ஜன்னல் செய்து ஒரு வீட்டில் மாட்டினேன். முதல் மழையிலேயே கூடத்துக்குள் தண்ணீர். காரணம் என்ன தெரியுமா? அசல் சட்டத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தண்ணீர் வடியும் துளையைச் சாய்வாகப் போட்டிருந்தார். நான் நேராகப் போட்டேன். மூன்று டிகிரி வித்தியாசம். இருபது ஜன்னலையும் சொந்தச் செலவில் கழற்றி மாட்டினேன்.

விமானத் தகட்டில் இது நூறு மடங்கு. மூடிகளின் ஓரம் ஸ்டெல்த் விமானத்தில் ரம்பப் பல் மாதிரி வெட்டி வெட்டி இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நேர்க்கோட்டு இடைவெளி என்றால் அலை அதில் முட்டி நேராகத் திரும்பும். பல் மாதிரி வெட்டினால் ஓரமாகச் சிதறும். இதைப் படத்தில் பார்த்துக் காப்பியடிக்கலாம். ஆனால் அந்த இடைவெளி மூக்கிலிருந்து பின்புறம் வரை ஒரே அளவில் இருக்க வேண்டும், வெயிலில் உலோகம் விரியும்போதும் இருக்க வேண்டும், நூறாவது விமானத்திலும் இருக்க வேண்டும். அதைத் திருட முடியாது. கை பழகித்தான் வரும்.

ஷென்யாங் நிறுவனத்தையே பாருங்கள். அவர்களுடைய எஃப்சி-31 ஸ்டெல்த் விமானம் முதன்முதலில் 2012 அக்டோபர் 31 அன்று பறந்தது. யாரும் உடனே வாங்க வரவில்லை. இழைத்து இழைத்து, உடலை மாற்றி, அதன் வாரிசான ஜே-35ஏ ஜுஹாய் கண்காட்சியில் மக்கள் முன் வந்தது 2024 நவம்பரில். நடுவில் 12 வருஷம். கப்பலில் இறங்கும் ரகம் ஃபூஜியான் என்ற விமானந்தாங்கியிலிருந்து கிளம்பும் காட்சியை 2025 செப்டம்பரில் காட்டினார்கள். திருட்டு வேலைக்கு 12 வருஷம் எதற்கு?

எஃப்-47ஆ, ஜே-36ஆ? எது ஜெயிக்கும்?
*வாசகர், ஜொகூர் பாரு*

2025 மார்ச்சில் அமெரிக்கா தன் அடுத்த போர் விமானமான எஃப்-47ஐ அறிவித்தபோது காட்டியது ஓவியம். ஜே-36இல் நாம் பார்த்தது மங்கலான புகைப்படம். ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணே, நான் லோரி இஞ்சின் பார்க்கிறவன். விமானத்தையே செய்யத் தெரிந்த சீனா, இஞ்சினை மட்டும் ஏன் ரஷ்யாவிடம் வாங்கியது?
*பட்டறைக்காரர், பிறை*

இதுதான் கேள்வி, தம்பி. ஒரே தொழில்காரன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லோரி இஞ்சினில் வெடிப்பு நடந்து, அப்புறம் ஒரு மூச்சு விட்டு, திரும்ப நடக்கும். நடுவில் பிஸ்டன் ஆறும். ஜெட் இஞ்சினுக்கு மூச்சு விட நேரமே கிடையாது. எரியறைக்குப் பின்னால் சுழலும் டர்பைன் இலைகள் மேல் 1,500 டிகிரிக்கு மேலான காற்று இடைவிடாமல் பாயும். அந்த இலை செய்யும் நிக்கல் உலோகம் அதற்கு முன்பே உருகிவிடும்! எப்படித் தாங்குகிறது? ஒவ்வொரு இலைக்குள்ளும் வாய்க்கால் வெட்டி, முடி மாதிரித் துளைகள் போட்டு, குளிர்ந்த காற்றை உள்ளிருந்து தள்ளி, இலையைச் சுற்றி ஒரு காற்றுப் போர்வை போர்த்துகிறார்கள். இலை முழுவதும் ஒரே படிகமாக வார்க்கப்பட வேண்டும். சாதாரண வார்ப்பில் உள்ள மணி மணியான கட்டமைப்பு இருந்தால், அந்தச் சூட்டிலும் சுழற்சியிலும் மணிகளுக்கு நடுவே விரிசல் விடும். அப்படி ஓர் இலையை ஆய்வகத்தில் செய்வது ஒன்று. ஆயிரக்கணக்கில் கழிவில்லாமல் செய்வது வேறு.

அதனால் ஜே-20 ஆரம்பத்தில் ரஷ்யாவின் ஏஎல்-31 குடும்பத்து இஞ்சினோடு பறந்தது. பிறகு சொந்தத் தயாரிப்பான டபிள்யூஎஸ்-10க்கு மாறியது. 2021 ஜுஹாய் கண்காட்சியில் சீன இஞ்சினோடு ஜே-20ஐப் பொதுமக்கள் முன் பறக்கவிட்டார்கள். அந்த விமானத்துக்கென்றே நினைத்து வைத்த டபிள்யூஎஸ்-15, விமானத்துக்குப் பின்னால் பல வருஷம் தள்ளித்தான் வந்தது. கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, அப்புறம் மாப்பிள்ளை வந்த கதை.

புதிய விமானத்தின் படம் வரும்போதெல்லாம் எல்லாரும் மூக்கைப் பார்க்கிறார்கள். நான் பின்புறத்தைப் பார்க்கிறேன். வடிவத்தை ஒளிக்க முடியாது, வானத்தில் தெரிந்துவிடும். சாயத்துக்கு அடியில் என்ன பூச்சு, அந்த இஞ்சின் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றப்படுகிறது, இதை எவனும் படம் பிடிக்க முடியாது. விமானம் நல்லதா கெட்டதா என்பது அங்கேதான் இருக்கிறது.

அங்கிள், ஜே-20க்கு மூக்குக்குப் பின்னால் குட்டி இறக்கை இருக்கிறதே, அது ரேடாரில் தெரியாதா?
*13 வயது மாணவன், கெப்போங்*

கெட்டிக்காரன். உலகத்து நிபுணர்களும் 2011இலிருந்து இதையேதான் கேட்கிறார்கள். அந்தக் குட்டி இறக்கை விமானத்தைச் சட்டென்று மூக்கைத் தூக்க வைக்கும். பெரிய இறக்கையின் மட்டத்துக்கு ஒட்டி வைத்து, அதிகம் ஆட்டாமல் பறந்தால் எதிரொலி குறைவுதான். ஆட்டினால் கூடும். எல்லாம் கொடுக்கல் வாங்கல்தான். வடிவமைப்பாளர் யாங் வெய் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் வைத்திருப்பார்.

நீங்கள் ஸ்டெல்த் விமானத்தை நேரில் பார்த்ததுண்டா?
*வாசகர், ஆயர் ஈத்தாம்*

சீன விமானத்தைப் பார்த்ததில்லை. அமெரிக்க எஃப்-22ஐப் பார்த்திருக்கிறேன், நம் பட்டர்வொர்த்திலேயே.

2014 ஜூன். 'கோப் தௌஃபான்' கூட்டுப் பயிற்சிக்கு ஹவாயிலிருந்து வந்தன. நான் ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகியிருந்தது, உள்ளே போக முடியாது. காலையிலேயே தளத்துச் சாலையோரம் மோட்டாரை நிறுத்திவிட்டு நின்றேன். எனக்கு முன்னாலேயே அங்கே முப்பது பேர். ஏணி கொண்டுவந்தவன் ஒருவன், நாசி லெமாக் பொட்டலத்தோடு ஒருவன், பால்குடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதி. நம் மிக்-29 முதலில் போனது. கறுப்புப் புகை, பட்டாசுச் சத்தம், கை தட்டினார்கள். அப்புறம் இது வந்தது. சத்தம் நெஞ்சில் இடித்தது. ஆனால் நான் கேட்டது சத்தத்தை இல்லை, பார்த்தது தோலை. என்னுடைய எஃப்-5இல் கைக்கெட்டிய இடமெல்லாம் திருகுத் தலை தெரியும். ஒரு மூடியைக் கழற்ற வேண்டுமென்றால் திருகுகளைக் கழற்றி, வேலை முடித்து, மாட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தே தாரேக் குடிக்கப் போகலாம். இதில் திருகே காணோம். ஸ்டெல்த் தோலில் சில மூடிகளைத் திறந்தால், வேலை பத்து நிமிடம் என்றாலும், மூடிய பிறகு இடைவெளியைப் பசையும் நாடாவும் வைத்து நிரப்பி, பூச்சுப் பூசி, காய்வதற்குக் காத்திருக்க வேண்டும். பினாங்கு ஈரக் காற்றில் சாதாரணச் சாயம் காய்வதே தவம். அதைச் செய்யும் அமெரிக்கப் பையன்களை நினைத்துப் பாவமாக இருந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். சண்டை இல்லாத காலத்தில் இந்த விமானங்கள் வெளியே போகும்போது, வயிற்றுக்குக் கீழே ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் சின்னக் குமிழ் ஒன்றைப் பெரும்பாலும் மாட்டிக்கொண்டு போகும். போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்று. தன் உண்மையான எதிரொலியை அடுத்தவன் அளந்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்று. சீனர்களின் ஜே-20இலும் அது இருக்கும் படங்கள் வந்திருக்கின்றன. "எங்கள் ரேடாரில் அவனைப் பார்த்துவிட்டோம்" என்று யாராவது மார் தட்டினால், குமிழ் மாட்டியிருந்ததா என்று கேளுங்கள்.

சீனா இப்படியெல்லாம் செய்வது நம் நாட்டுக்கு ஆபத்தா? பயமாக இருக்கிறது.
*இல்லத்தரசி, பிரிக்ஃபீல்ட்ஸ்*

பயம் வேண்டாம், அம்மா. கவனம் வேண்டும்.

2021 மே 31 அன்று சீனாவின் 16 ராணுவ விமானங்கள் வரிசையாகத் தென் சீனக் கடல் வழியே சரவாக் கரையை நோக்கி வந்தன. நம் ரேடார் பார்த்தது. கூப்பிட்டார்கள், பதில் இல்லை. லாபுவானிலிருந்து ஹாக் விமானங்கள் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தன. சீனத் தூதரை அழைத்து விளக்கம் கேட்டது நம் வெளியுறவு அமைச்சு.

அந்தப் பதினாறில் ஒன்றுகூட ஸ்டெல்த் இல்லை. எல்லாம் இலியூஷின்-76, ஒய்-20 என்னும் சரக்கு விமானங்கள், வீடு மாதிரி. ரேடாரில் பட்டப்பகல் போலத் தெரியும். தெரிய வேண்டும் என்றேதான் வந்தார்கள் என்பது என் எண்ணம். பக்கத்து வீட்டுக்காரன் நம் வேலியோரம் லோரியை மெதுவாக ஓட்டிப் போவது மாதிரி. ஒளிந்து வருகிறவனைவிட இப்படி வருகிறவன்தான் நமக்கு அன்றாடப் பிரச்சினை. அதற்கு நமக்கு வேண்டியது நல்ல ரேடார், பறக்கும் நிலையில் உள்ள விமானம், அதைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கும் ஆட்கள். கடைசியாகச் சொன்னதை நான் சொந்தப் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மலேசியா ஸ்டெல்த் விமானம் வாங்குமா?
*முன்னாள் தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்*

இப்போது கையில் இருப்பதைப் பாருங்கள், ஐயா. ரஷ்யாவின் சுகோய்-30 பதினெட்டு, கிளந்தானில் கோங் கெடாக் தளத்தில். 1997இல் வந்த ஹார்னட் எட்டில் ஏழு, இங்கே பட்டர்வொர்த்தில்; ஒன்று 2025 ஆகஸ்டில் விபத்தில் போய்விட்டது. 2023இல் தென் கொரியாவிடம் எஃப்ஏ-50 பதினெட்டுக்குக் கையெழுத்துப் போட்டோம். இலகு ரகம், ஸ்டெல்த் இல்லை. ஸ்டெல்த் விமானம் வாங்குவது பாதிச் செலவுதான். அதன் தோலைக் காப்பாற்றக் குளிரூட்டிய கொட்டகை, பூச்சு வேலைக்கு ஆள், இதெல்லாம் மீதிப் பாதி. அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானத்துக்கு வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய கொட்டகை இல்லாமல் முடியாது. நம் ஊர் மழையில் கேட்கவே வேண்டாம்.

விலை பற்றி ஒன்று. மிக்-29 வாங்கியபோது ஒரு பகுதியைப் பாமாயிலாகக் கொடுத்தோம். நீங்கள் குலை வெட்டிய காலம். அந்த விமானத்தின் சக்கரமாவது உங்களுடையது என்று பேரப்பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

என் மகன் ஐந்தாம் படிவம். விமானத் தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்கிறான். இந்தச் சீன விமானக் காணொளிகளைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. விடலாமா?
*தாய், செபராங் ஜெயா*

எதைப் பார்த்து ஆசை வந்தால் என்ன, அக்கா? எனக்கு ஆசை வந்தது பாகான் ஃபெரியில் நின்றுகொண்டு தலைக்கு மேல் போன விமானத்தைப் பார்த்து. எஸ்பிஎம் தேர்வில் கணிதமும் இயற்பியலும் ஆங்கிலமும் நன்றாக எடுக்கட்டும். கைகள் அமைதியாக இருக்கிறதா என்று பாருங்கள். பொறுமை இல்லாதவனுக்கு இது ஆகாது. கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகம் சிலாங்கூரில் இருக்கிறது. படையில் சேர விருப்பம் இருந்தால் அது இன்னொரு வழி. மலாக்காவில் பத்து பெரண்டாமில் பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கார்பன் இழைப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையும் இருக்கிறது. ஸ்டெல்த் விமானத்தின் தோலிலும் இன்று பெரும்பங்கு அந்த மாதிரிப் பொருள்தான், அதனால் அவன் கனவிலிருந்து அது ரொம்பத் தூரம் இல்லை.

அதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை மாக் மண்டினுக்கு அனுப்பி வையுங்கள். இரண்டு தகட்டைக் கொடுத்து ரிவெட் அடிக்கச் சொல்கிறேன். நூறு ரிவெட் அடித்த பிறகும் ஆசை இருந்தால் தாராளமாக விடலாம். கட்டை விரலுக்குத் துணியும் காதுக்கு அடைப்பானும் கொண்டுவரச் சொல்லுங்கள், என்னிடம் இருப்பது ஒரு ஜோடிதான்.